தனித்தீவில் இருவர்

ஆங்கில இலக்கியம் நம் பிள்ளைகளை மார்க்கத்தினின்றும் அகற்றிவிடுமோ என்னும் அச்சம் நம் முன்னோர் பலரிடம் இருந்தது. இன்றோ கீழ்க்கட்டளை போன்ற சென்னைப் புறநகர்களில் நம் வீட்டுப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் தேர்கின்றனர். தமிழ் நூலைக் கையிலெடுக்கத் தயங்குகின்றனர். அவ்வச்சத்திற்கும் இக்குறைக்கும் விடைதரும் வரலாறு ஒன்றுண்டு.

அந்தலூஸில் பிறந்து 1185இல் மராக்கிஷில் மறைந்த மருத்துவமேதை இப்னு துஃபைல், 'ஹய்யுப்னு யக்ழான்' என்னும் கதையை அரபியில் யாத்தார். மனிதரற்ற தீவில் மானின் பாலுண்டு வளர்கிறான் ஹய்யு. தாய்மான் இறந்ததும், அதனை இதுகாறும் இயக்கியது யாது எனத் தேடத் தொடங்குகிறான். உடலையும் உயிரையும் விண்மீன்களையும் ஆராய்ந்து, முடிவில் படைத்தவனை அறிகிறான்.

1671இல் ஆக்ஸ்போர்டில் இளைய எட்வர்ட் போகாக் இதனை அரபு மூலத்துடன் இலத்தீனில் வெளியிட்டார். 1708இல் சைமன் ஆக்லி அரபியிலிருந்து நேரே ஆங்கிலத்தில் பெயர்த்தார். 1719இல் டேனியல் டீஃபோவின் 'ராபின்ஸன் குரூஸோ' வெளிவந்தது. ஸ்காட்லாந்து மாலுமி அலெக்ஸாண்டர் செல்கிர்க்கின் அனுபவமே அதற்கு அடிப்படை என்பார் பலர். ஹய்யுவின் சாயலும் அதில் உண்டு என்பார் சிலர். அவ்வழக்கைத் தீர்ப்பது நம் நோக்கமன்று. இரு நூல்களையும் அருகருகே வைத்துப் படிப்பதே பயன் தரும்.

குரூஸோவும் தன் தனிமையில் இறைவனை நினைந்து உருகுகிறான், வேதம் ஓதுகிறான். எனினும் தீவைத் தன் உடைமையாகவே எண்ணுகிறான். தன்னிடம் வந்த மனிதனுக்கு 'வெள்ளிக்கிழமை' எனப் பெயரிட்டு, தன்னை 'எஜமான்' என்றழைக்கக் கற்பிக்கிறான். ஹய்யுவின் தீவுக்கு வரும் அப்ஸாலோ அவனுக்குப் பேச்சைக் கற்பிக்கிறான்; பின் அவனது ஞானங்கண்டு அவனையே ஆசானாகக் கொள்கிறான். ஆங்கில நூலை ஒதுக்கியவருக்கும், அதனை மட்டுமே படித்தவருக்கும் இவ்வேற்றுமை புலப்படாது.

கற்றதைத் தாய்மொழிக்குக் கொணர்ந்தவர்க்குச் சான்று கண்டியில் 1838இல் பிறந்த சித்திலெப்பை. ஆங்கிலம் பயின்று வழக்கறிஞரான அவர், 1882இல் 'முஸ்லிம் நேசன்' இதழைத் தொடங்கினார். ஆங்கிலக் கல்வியை வலியுறுத்தினார். மேனாட்டில் வளர்ந்த நாவல் என்னும் வடிவத்தை ஏற்று, 1885இல் 'அஸன்பே சரித்திரம்' எழுதினார். எகிப்தைக் களமாகக் கொண்ட அந்நூலை அவர் தமிழிலேயே எழுதினார். ஈழத்தின் முதல் தமிழ் நாவலென அது போற்றப்படுகிறது. 1892இல் கொழும்பு மருதானையில் அவர் முயற்சியால் எழுந்த மத்ரஸாவே பின்னர் ஸாஹிறாக் கல்லூரியாக வளர்ந்தது.

அரபியில் பிறந்த கதை ஆங்கிலத்திற்குச் சென்றது. மேனாட்டு நாவல் தமிழுக்கு வந்தது. நம் பிள்ளைகள் டீஃபோவைப் படிக்கட்டும். படித்ததைப் பாட்டியாரிடம் தமிழில் சொல்லட்டும், இயன்றவர் எழுதட்டும். ஓதலையும் எழுதுகோலையும் முன்வைத்தே வஹீ தொடங்கிற்று என்பதை நாம் மறத்தலாகாது. வல்ல அல்லாஹ் நம் மக்களுக்குப் பயனுள்ள கல்வியை நல்குவானாக! ஆமீன்.