விஷ விதைக்குள் ஒரு விடுதலை

வசந்த காலத்தின் முடிவில் லேபர்னம் மரம் பூத்தால், நம்மூர் சரக்கொன்றைதான் ஐரோப்பாவுக்குக் குடிபோய்விட்டதோ என்று தோன்றும். அத்தனை மஞ்சள், அத்தனை சரம். பூ உதிர்ந்து காய் பிடித்ததும் தாய்மார்களுக்குக் கவலை பிடித்துக்கொள்ளும். பட்டாணி என்று நினைத்து விதையை வாயில் போட்ட பிள்ளைகள் வாந்தியும் தலைசுற்றலுமாகத் துவண்டு போனார்கள். அந்த விதைக்குள் அப்படி என்னதான் இருந்தது?

1865-இல் ஹுஸெமன், மார்மே என்ற இரு ஜெர்மானியர்கள் அந்த விஷத்தைத் தனியே பிரித்தெடுத்தார்கள். சைட்டிசின் என்று பெயர் வைத்தார்கள். 1912-இல் இங்கிலாந்தில் ஹென்றி டேலும் பேட்ரிக் லெய்ட்லாவும் அதை விலங்குகளுக்குச் செலுத்திப் பார்த்தபோது வியப்பு காத்திருந்தது. உடம்புக்குள் போன சைட்டிசின், அச்சு அசலாக நிகோட்டின் மாதிரியே நடந்துகொண்டது!

இந்த உண்மை ஆய்வேடுகளுக்குள் உறங்கிக் கிடந்தது. இரண்டாம் உலகப் போர் வந்தது. புகையிலைக்குத் தட்டுப்பாடும் வந்தது. கைநடுக்கம் தாங்காத சிப்பாய்கள் லேபர்னம் இலையைக் காயவைத்துச் சுருட்டிப் புகைத்தார்கள். ஏக்கம் அடங்கியது. சிகரெட் கிடைக்காதவனுக்குக் கைகொடுத்த இலை, சிகரெட்டை விட நினைப்பவனுக்கும் உதவாதா?

உதவும் என்று துணிந்தது பல்கேரியா. 1964-இல் சோபியா நகரின் சோபார்மா நிறுவனம், அதே விஷத்தை வெறும் ஒன்றரை மில்லிகிராம் அளந்து மாத்திரையாக்கியது. பெயர் டேபெக்ஸ். மூளையில் நிகோட்டின் உட்காரும் இடத்தில் சைட்டிசின் முந்திக்கொண்டு உட்காரும். தவிப்பு தணியுமளவுக்குக் கொஞ்சமாகத் தூண்டும். அதற்குப் பிறகு சிகரெட் பிடித்தாலும் பழைய சுகம் இருக்காது. விலையும் மலிவு. ஆனால், அது பிறந்த இடம் இரும்புத்திரைக்குப் பின்னால்!

மேற்குலகம் திரும்பியே பார்க்கவில்லை. அந்த அலட்சியத்தை மன்னிப்பது கடினம். இடைப்பட்ட ஆண்டுகளில் எத்தனையோ பேரைப் புகை கொண்டுபோனது. 1990-களில் பைசர் நிறுவன வேதியியலர்கள் சைட்டிசின் மூலக்கூறைப் பார்த்தே வரெனிக்ளின் என்ற மருந்தை வடித்தார்கள். 2006-இல் அமெரிக்கா அதற்கு அனுமதி தந்தது. வாரிசு உலகம் சுற்றியது. மூத்தது என்ன ஆனது?

2011-இல் வார்சாவில் 740 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு வெளிவந்தது. ஓராண்டு கழித்தும் புகைக்காமல் இருந்தவர்கள், சைட்டிசின் எடுத்தவர்களில் 8.4 சதவீதம், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 2.4 சதவீதம்தான். 2014-இல் நியூசிலாந்துச் சோதனையில், உடலில் ஒட்டும் நிகோட்டின் பட்டை போன்ற மாற்று மருந்துகளையே அது முந்தியது. 2024 ஜனவரியில், பிறந்து 60 ஆண்டுகள் கழித்து, மருத்துவர் சீட்டுக்குக் கிடைக்கும் மருந்தாக பிரிட்டனுக்குள் நுழைந்தது. மொத்தம் 25 நாள் கணக்கு. தொடக்கத்தில் தினம் ஆறு மாத்திரை, போகப்போகக் குறையும். ஐந்தாம் நாளுக்குள் சிகரெட்டை அடியோடு நிறுத்தியிருக்க வேண்டும்.