மழைக்காலத்தில் பழவேற்காடு ஏரியில் படகேறும் முன்

பழவேற்காடு ஏரியில் மீனவ ஊர்களுக்குப் படகில் செல்லும் நாம், வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கூடுதல் ஆயத்தத்துடன் கிளம்ப வேண்டும். 2011 டிசம்பர் 25 அன்று இங்கே படகு கவிழ்ந்து, குழந்தைகள் உட்பட 22 பேர் இறந்தனர். அவர்கள் லைஃப் ஜாக்கெட் அணிந்திருக்கவில்லை.

ஆழமில்லாத ஏரிதானே என்று எண்ணுவது ஆபத்து. முகத்துவாரத்தில் கடலலையும் நீரோட்டமும் மோதும். லைஃப் ஜாக்கெட்டை ஏறும் முன்பே அணிந்து வார்களைப் பூட்ட வேண்டும். பெண்கள் புர்காவுக்கு மேலே அணிய வேண்டும். பெரியவர்களுடையது பிள்ளைகளுக்குக் கழன்றுவிடும். அவர்கள் அளவில் இல்லையென்றால் அந்தப் படகே வேண்டாம்.

துடுப்பு, நங்கூரம், கயிறு, தண்ணீர் இறைக்க வாளி, டார்ச், விசில் உண்டா எனப் படகோட்டியிடம் கேட்கக் கூச்சப்படக் கூடாது. கவிழ்ந்தால் கரைக்கு நீந்த முயலாமல் படகையே பற்றியிருக்க வேண்டும். கடலோரக் காவல் குழும எண் 1093. இந்தியக் கடலோரக் காவல்படை 1554.