புளியந்தீவு முற்றுகையை ஆடிப் பார்ப்போம்

போர் விளையாட்டுப் பழக வருகிறவர்கள் விதிப்புத்தகத்தின் தடிப்பைக் கண்டதுமே ஒதுங்கிவிடுகிறார்கள். வரலாறு படிப்பித்து ஓய்வுபெற்ற நான் பிரஷ்ய அதிகாரி ரைஸ்விட்ஸ் 1824இல் வெளியிட்ட முறையைப் பிடித்துக்கொண்டேன். அதில் ஆடுகிறவர் விதிகளை மனனம் செய்ய வேண்டியதில்லை. வரைபடத்தைப் பார்த்துத் தன் படைக்குரிய கட்டளையை எழுதி நடுவரிடம் கொடுத்தால் போதும். பகடையும் கணக்கும் நடுவர் பாடு. எதிரிப் படை கண்ணுக்கு எட்டும் வரை அது வரைபடத்தில் வைக்கப்படுவதில்லை.

இதைக் கல்லடிப் பிள்ளைகளுக்குப் பழக்க ஐரோப்பியப் போர்க்களம் எதற்கு? 1638 மே மாதத்து மட்டக்களப்பே இருக்கிறது.

அதன் முன்கதை 1602இல் தொடங்குகிறது. ஒல்லாந்தக் கடற்தளபதி ஸ்பில்பேர்கன் அவ்வாண்டு இங்கே வந்திறங்கி, கண்டிக்குப் போய் முதலாம் விமலதர்மசூரியனைச் சந்தித்தார். மலைநாட்டு அரசு கடலுக்கு அப்பால் துணை தேட மட்டக்களப்பு வாவி வாசலாக இருந்தது. அதை அடைப்பதற்காகவே போர்த்துக்கேயர் 1628இல் வாவியிலுள்ள புளியந்தீவில் கோட்டை கட்டினார்கள். பின்னர் கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கன் ஒல்லாந்தரைத் துணைக்கு அழைத்தான். 1638 மார்ச் 28 அன்று கன்னொறுவையில் போர்த்துக்கேயரின் படையை அவன் அழித்தான். அதன் தளபதி தியோகு டி மெலோவும் களத்தில் மாண்டார். மே மாதத்தில் ஒல்லாந்தத் தளபதி வெஸ்டர்வோல்ட்டின் கப்பல்கள் வந்தன.

பிள்ளைகளை மூன்று அணியாக மூன்று அறைகளில் இருத்துவேன். ஒல்லாந்த அணி முதலில் கப்பலை நேரே கோட்டைக்கு விடத்தான் எழுதும். முகத்துவாரத்தில் மணல் திட்டு, பெரிய கப்பல் உள்ளே வராது என்று நடுவராக நான் பதில் அனுப்புவேன். மாரியில் ஆற்றுவாய் திறப்பதையும் கோடையில் மணல் மூடுவதையும் கண்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. பீரங்கியைக் கரையிறக்கவும் வள்ளம் தேடவும் அவர்களாகவே எழுதத் தொடங்குவார்கள்.

போர்த்துக்கேய அணிக்குச் சுற்றியிருக்கும் நீரே காவல், அதுவே சிறை. கன்னொறுவைக்குப் பிறகு அவர்களுக்கு உதவிப்படை வர வழியில்லை. இராசசிங்கனின் அணியிடம் ஆள் உண்டு, படுவான்கரை வழியும் உண்டு. ஆனால் மதிலை உடைக்கும் பீரங்கி ஒல்லாந்தர் கையில். ஒரு கட்டளை எழுதுவதற்குள் அந்தப் பிள்ளைகள் படும் தவிப்பைப் பார்த்தால், மன்னன் ஏன் அந்நியரை நம்பினான் என்ற பரீட்சைக் கேள்விக்கு விடை அங்கேயே கிடைக்கும்.

பீரங்கி முழங்கியது, மே 18 அன்று கோட்டை பணிந்தது. இந்த இடத்தில் ஆட்டத்தை நிறுத்தக் கூடாது. மே 23 அன்று மன்னனும் வெஸ்டர்வோல்ட்டும் செய்த உடன்படிக்கையையும் ஆட வேண்டும். பிடித்த கோட்டைகளில் ஒல்லாந்தர் காவல்படை வைப்பதற்கு மன்னனின் விருப்பம் வேண்டும் என்ற வாசகம் ஒல்லாந்தர் பிரதியில் இல்லை. போர்ச்செலவைக் கறுவா முதலிய பொருள்களால் தீர்க்கும் கடனும் மன்னன் தலையில் விழுந்தது. 1640இல் காலியைப் பிடித்த ஒல்லாந்தர் அதை அவனுக்குக் கொடுக்கவில்லை. கரையோரத்தில் அவர்கள் ஆட்சி 1796 வரை நீடித்தது. களத்தில் வென்ற மன்னன் கடதாசியில் தோற்றதை, அவனுக்காக ஆடிய பிள்ளை ஒருநாளும் மறக்காது.

விதிகள் பின்னால் தானாகப் பிடிபடும். தொடக்கக்காரருக்கு முதலில் வேண்டியது தெரிந்த மண். யாழ்ப்பாணக் கோட்டையும் மன்னார்க் கோட்டையும் 1658இல் ஒல்லாந்தர் வசமாயின, திருகோணமலை அதற்கு முன்பே 1639இல் விழுந்தது. அந்த ஊர்களில் வரலாறு படிப்பிக்கும் ஆசிரியர்களே, ஒரு வரைபடமும் இரண்டு பகடையும் போதும். உங்கள் பிள்ளைகளை உங்கள் கோட்டைக்குள் இருத்தி ஆடவிடுங்கள்.