எரியும் வானம் – 17: முப்பது இரவுகள்

1943 ஜூலையில் ஹாம்பர்க் நகரத்து நிலவறைகளில் மக்கள் வெந்து மடிந்ததைச் சென்ற வாரம் பார்த்தோம். அந்த நெருப்பை மேலிருந்து கொட்டியவர்கள் யார்? இந்த வாரம் அவர்களோடு விமானத்தில் ஏறுவோம். கீழே செத்தவர்களுக்காக அழுத மனத்தோடுதான் ஏற வேண்டியிருக்கிறது. ஏறாமல் இந்த வரலாறு முழுமை பெறாது.

பிரிட்டிஷ் விமானப் படையின் குண்டுவீச்சுப் பிரிவான பாம்பர் கமாண்டில் பறந்தவர்கள் சுமார் 1,25,000 பேர். உயிரிழந்தவர்கள் 55,573 பேர். நூற்றுக்கு நாற்பத்து நான்கு! பெரும்பாலோருக்கு இருபதை ஒட்டிய வயது. பிரிட்டனிலிருந்து மட்டுமல்ல, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து என்று கடல் கடந்தும் வந்திருந்தார்கள். பறக்கும் வேலைக்கு யாரையும் கட்டாயப்படுத்தி அனுப்பவில்லை; அத்தனை பேரும் தாமாகப் பெயர் கொடுத்தவர்கள். யார்க்‌ஷயரின் பாக்லிங்டன் தளத்தில் ஹாலிஃபாக்ஸ் விமானங்களை ஓட்டிய 102-ஆவது ஸ்குவாட்ரனின் பெயரோடு 'சிலோன்' என்பதும் சேர்ந்திருந்தது. குடியேற்ற நாடுகள் போருக்குத் தந்த நிதிக்கு நன்றியாகச் சூட்டப்பட்ட பெயர்களில் அதுவும் ஒன்று.

ராணுவம் என்றாலே எல்லாம் உத்தரவுப்படிதான் நடக்கும். யார் எங்கே, யாரோடு என்பதை மேலிடம்தான் எழுதி அனுப்பும். ஆனால் உயிரையே ஒருவரிடம் ஒருவர் ஒப்படைக்கப்போகும் இந்தக் குழுக்களை மட்டும் மேலிடம் அமைக்கவில்லை. பயிற்சித் தளத்தில் விமானக் கொட்டகை ஒன்றில் விமானிகள், நேவிகேட்டர்கள், குண்டு வீசுபவர்கள், வயர்லெஸ்காரர்கள், துப்பாக்கிக்காரர்கள் எல்லோரையும் மொத்தமாக விட்டுவிடுவார்கள். "உங்களுக்குள் பேசிச் சேர்ந்துகொள்ளுங்கள்" என்பதோடு அதிகாரியின் வேலை முடிந்தது. திருவிழாக் கூட்டத்தில் சொந்தக்காரரைத் தேடுவதுபோல முகம் முகமாகப் பார்த்துக்கொண்டு நடப்பார்கள். இவன் நிதானமாகத் தெரிகிறான், அவன் நம் ஊர்ப் பேச்சுப் பேசுகிறான், இன்னொருவன் குடிக்கிற ஆள் மாதிரி இல்லை. இவ்வளவுதான் அளவுகோல். அரை நாளுக்குள் குழு சேர்ந்துவிடும். பிறகு நான்கு எஞ்சின் விமானத்துக்கு மாறும்போது எஞ்சினியரும், பெரும்பாலும் இன்னொரு துப்பாக்கிக்காரரும் வந்து சேர, ஆள் ஏழாகும். லங்காஸ்டர் விமானத்தின் கணக்கு ஏழு.

அதன் பின் எல்லாம் ஏழு பேராகத்தான். ஒரே குடிசையில் படுக்கை, ஒரே மதுக்கடையில் மாலை. ஒருவனுக்குக் காய்ச்சல் வந்தால் அவன் இடத்தில் வேற்றாள் ஒருவனை அனுப்பிவிடுவார்கள். அதற்குப் பயந்து காய்ச்சலை மருத்துவரிடம் மறைத்துப் பறந்தவர்கள் உண்டு. பழகிய ஏழில் ஒன்று மாறினால் அன்றைக்குத் திரும்ப மாட்டோம் என்ற அச்சம் அவர்களை அப்படிப் பிடித்திருந்தது.

மாலையில் அழைப்பு வரும். அறையின் கோடியில் ஐரோப்பாவின் பெரிய வரைபடம், அதன்மேல் திரை. திரை விலகும்போது இங்கிலாந்திலிருந்து சிவப்பு நாடா எதுவரை ஓடுகிறது என்றுதான் எல்லாக் கண்ணும் பார்க்கும். பெர்லின் என்றால் போய்வர ஏறக்குறைய எட்டு மணி நேரம். கிளம்புமுன் பன்றி இறைச்சியும் முட்டையும் கிடைக்கும். முட்டைக்கு ரேஷன் இருந்த காலம் அது. 'நீ வரலைன்னா உன் முட்டை எனக்கு' என்பது எல்லாத் தளங்களிலும் புழங்கிய பேச்சு. தூக்கம் வராமலிருக்க மாத்திரை கொடுப்பார்கள். விமானத்தின் வால்சக்கரத்தில் சிறுநீர் கழித்துவிட்டு ஏறினால்தான் ராசி என்று நம்பிய குழுக்கள் பல.

ஏழு பேரில் வால்கூண்டில் உட்கார்ந்திருந்தவனைத்தான் நான் அதிகம் நினைத்துக்கொள்கிறேன். மற்ற ஆறு பேரும் முன்பக்கம் இருக்க, இவன் மட்டும் விமானத்தின் கடைக்கோடியில் தனியாக, வந்த வழியைப் பார்த்தபடி. நான்கு பிரௌனிங் துப்பாக்கிகள்; கால் நீட்ட இடமில்லை. 20,000 அடி உயரத்தில் குளிர்கால இரவில் குளிர் உறைநிலைக்குக் கீழே 40 டிகிரிக்குப் போய்விடும். கண்ணாடியில் படியும் பனியில் எதிரி விமானம் தெரியாமல் போகிறது என்று, முகத்துக்கு நேரே இருந்த கண்ணாடியையே பல பேர் கழற்றிவிட்டார்கள். மின்சாரத்தில் சூடாகும் உடுப்பு பழுதானால் விரல் கருகும். எட்டு மணி நேரமும் இருட்டையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். குதிக்க வேண்டிய பாராசூட்டும் கையில் இல்லை. கூண்டுக்குள் அதற்கு இடம் போதாது. முதுகுக்குப் பின்னால், கதவுக்கு அப்பால், விமானத்தின் உடற்பகுதியில் மாட்டியிருக்கும்.

1944 மார்ச் 24 இரவு பெர்லினிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த வால்கூண்டுக்காரர் நிக்கலஸ் ஆல்கமேட் கதவைத் திறந்து பார்த்தபோது அந்தப் பாராசூட் எரிந்துகொண்டிருந்தது. வயது 21. வெந்து சாவதைவிட விழுந்து சாவது மேல் என்று 18,000 அடியிலிருந்து வெறுமனே குதித்தார். ஊசியிலை மரக் கிளைகளும் கீழே கிடந்த பனியும் தாங்கிக்கொண்டன. கால் சுளுக்கோடு பிழைத்தார்! பாராசூட் எங்கே என்று கேட்டு நம்ப மறுத்த ஜெர்மானியர்கள், நொறுங்கிய விமானத்தில் கருகிக் கிடந்த அதன் மிச்சத்தைப் பார்த்த பிறகுதான் நம்பினார்கள். அவருடைய விமானி ஜாக் நியூமன் பிழைக்கவில்லை.

முப்பது முறை போய்வந்தால் ஒரு சுற்று முடிந்தது, ஓய்வு உண்டு. ஒவ்வொரு இரவும் நூறு விமானங்களில் நான்கு விழுகின்றன என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பாருங்கள். முப்பதாவது இரவு முடியும்போது நூறு குழுக்களில் முப்பதுகூட மிஞ்சாது. 1943-44 பெர்லின் தாக்குதல்களில் பல இரவுகள் இதைவிட மோசம். 1944 மார்ச் 30 அன்று நியூரம்பெர்குக்குப் போன 795 விமானங்களில் 95 திரும்பவில்லை. மறுநாள் காலையில் அந்தக் கட்டில்களைக் காலி செய்வதற்கென்றே தளங்களில் ஆட்கள் இருந்தார்கள். செத்தவனின் சட்டைப்பையில் வீட்டுக்குப் போகக் கூடாத கடிதம் ஏதும் இருக்கிறதா என்று பார்த்து எடுத்துவிட்டு, மற்றதைப் பெட்டியில் கட்டுவார்கள். சாயங்காலம் அதே கட்டிலுக்குப் புதுப் பையன் வருவான்.

இத்தனைக்கும் பிறகு மறுபடி எப்படி ஏறினார்கள்? ஹிட்லர் மேல் கோபம் இருந்தது, லண்டன் எரிந்த நினைவு இருந்தது. ஆனால் இருபதாவது இரவில் ஒருவனை ஏணியில் ஏற்றியது அவை அல்ல என்பது என் எண்ணம். மற்ற ஆறு பேர் ஏறுகிறார்கள், நான் எப்படி ஏறாமல் இருப்பது என்பதுதான். இந்தப் பாசத்தின் வலு மேலிடத்துக்கும் தெரியும். அது அறுந்துபோனவர்களுக்கென்று தண்டனை ஒன்றையும் வைத்திருந்தது. இனி முடியாது என்று சொன்னவனின் கோப்பில் 'மன உறுதி இல்லாதவன்' என்று எழுதப்படலாம். சட்டையிலிருந்து சிறகுச் சின்னத்தைப் பிய்த்து, பதவியைப் பறித்து, கண்காணாத இடத்தில் எடுபிடி வேலைக்கு அனுப்பினார்கள். அதற்குமுன் எத்தனை இரவு போய்வந்தவன் என்பது அவனைக் காப்பாற்றும் என்ற உறுதி இல்லை. தாமாகப் பெயர் கொடுத்து வந்த பிள்ளைகளுக்கு இப்படிச் செய்ததை எந்தப் போர்த் தேவையைச் சொன்னாலும் என்னால் ஏற்க முடியவில்லை.

பின்னாளில் இயற்பியலில் பெரும்பெயர் பெற்ற ஃப்ரீமன் டைசன் 1943-இல் பாம்பர் கமாண்டின் ஆய்வுப் பிரிவில் சேர்ந்தார். வயது 19. அனுபவம் கூடக் கூடப் பிழைக்கும் வாய்ப்பும் கூடும் என்று பையன்களுக்குச் சொல்லி வந்தார்கள். அவர் பார்த்த புள்ளிவிவரம் அப்படிச் சொல்லவில்லை. பழகிய குழுவும் புதிய குழுவும் ஒரே வீதத்தில்தான் விழுந்துகொண்டிருந்தன. காரணம் அப்போது விளங்கவில்லை. மேல்நோக்கிச் சுடும் துப்பாக்கிகளை ஜெர்மானியர்கள் தங்கள் சண்டை விமானங்களில் பொருத்தியிருந்தார்கள். கண்ணுக்குப் படாத அடிவயிற்றுப் பக்கம் வந்து இறக்கையிலுள்ள எரிபொருள் தொட்டியைச் சுட்டுவிடுவார்கள். கண் பழகியும் கை தேர்ந்தும் பயனில்லை.

அடுத்து அவர் பார்த்தது, விழுந்த விமானங்களிலிருந்து எத்தனை பேர் பிழைக்கிறார்கள் என்பது. பழைய ஹாலிஃபாக்ஸில் நூற்றுக்கு 25 பேர். புதிதும் சிறந்ததுமான லங்காஸ்டரில் 15 பேர். மூக்குப் பகுதியின் தரையில் இருந்த தப்பிக்கும் கதவு ஹாலிஃபாக்ஸில் 24 அங்குலம், லங்காஸ்டரில் 22 அங்குலம். கனத்த உடுப்பும் பாராசூட்டும் மாட்டியவன், சுழன்று விழும் விமானத்திலிருந்து இருட்டில் அதன் வழியே நுழைந்து வெளியேற வேண்டும். டைசனின் சகா ஒருவர் கதவைப் பெரிதாக்கச் சொல்லி அலுவலகம் அலுவலகமாகப் போராடினார். ஒப்புதல் கிடைப்பதற்குள் போரே முடியும் தறுவாய்க்கு வந்துவிட்டது.

(தொடரும்)