ஓகஸ்ட் லீவும் ஓமந்தைக் குளங்களும்

தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை என்றால் சித்திரை, வைகாசி. எங்களுக்குக் கனகாலமாக ஓகஸ்ட்தான். வன்னியில அது குளம் வத்துற காலம். தை மாதம் அலையடிச்ச குளத்தின் நடுவுக்குச் செருப்போட நடந்து போகலாம். எவ்வளவு மண் நிரம்பியிருக்கு, துருசு எந்த உயரத்தில இருக்கு, அலைகரை எதுவரை இருந்தது எல்லாம் கண்ணுக்குத் தெரியும். சூழல் படிக்க நினைக்கிற மாணவருக்கு இதைவிட நல்ல மாதம் கிடையாது. ஆனால், எங்கட பிள்ளைகள் லீவில் நிலத்தில் இறங்கி வேலை செய்த வரலாறு நேர்கோடாக இல்லை. நடுவில பெரிய வெட்டு ஒன்று இருக்கு.

முந்தி இது தொண்டு வேலையாக இருக்கவில்லை. மழைக்கு முன்னம் குளக்கட்டைத் திருத்த வயல்காரர் எல்லாரும் வரவேணும், வராட்டி தண்ணீர் இல்லை. பிரித்தானியர் 1832இல் இராசகாரியத்தை ஒழித்தார்கள். கட்டாய உழைப்பு போனது நல்லதுதான். ஆனால் அதோட சேர்ந்து குளம் பார்க்கிற பொதுவேலையும் தளர்ந்தது. கடைசியில் 1856இல், பழைய நீர்ப்பாசன வழக்கங்களுக்குத் திரும்ப உயிர் கொடுக்க அவர்களே ஒரு சட்டம் போடவேண்டி வந்தது.

மாணவர்கள் லீவில் கிராமத்துக்குப் போய் வேலை செய்கிற பழக்கம் பெரிதாகத் தொடங்கியது அதற்கு ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு. 1958 டிசம்பரில், கொழும்பு நாலந்தா கல்லூரியின் இளம் ஆசிரியர் ஏ. ரி. ஆரியரத்ன தன்ர மாணவர்களைக் குருநாகல் மாவட்டத்தின் கனத்தொலுவ என்ற கிராமத்துக்குக் கூட்டிப்போனார். சாதியால் ஒதுக்கப்பட்ட மக்களின் கிராமம் அது. அந்த முகாமிலிருந்துதான் சர்வோதய இயக்கம் வளர்ந்தது. 'சிரமதானம்' என்ற சொல் எங்கட பள்ளிக்கூடங்கள் வரைக்கும் பரவியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. (இப்ப அந்தச் சொல்லுக்கு, வெள்ளிக்கிழமை மைதானத்தில் புல்லுப் புடுங்குறது என்றுதான் அர்த்தம். பாவம்.)

வன்னியில் இதன் சொந்த வடிவம் காந்தியம். 1970களின் நடுப்பகுதியில் கட்டடக் கலைஞர் எஸ். ஏ. டேவிட்டும் வைத்தியர் எஸ். இராஜசுந்தரமும் வவுனியாவை மையமாக வைத்து அதைத் தொடங்கினார்கள். 1977 வன்செயலுக்குப் பிறகு மலையகத்திலிருந்து ஓடிவந்த குடும்பங்களுக்குக் காணி, கிணறு, பாலர் பள்ளி, மருத்துவம் என்று ஒவ்வொன்றாகச் செய்தார்கள். வேலை செய்தவர்களில் கனபேர் இளைஞர்கள். படிப்பை முடிச்சிட்டு வந்த பெட்டையள் கிராமத்திலேயே தங்கிப் பாலர் பள்ளி நடத்தினார்கள். அதை யாரும் சூழல் இயக்கம் என்று சொன்னதில்லை. குடியேற்றம் என்றால் காடு வெட்டுறதும்தான், அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் மண்ணையும் தண்ணியையும் அதில் வாழுற ஆக்களையும் ஒன்றாகப் பார்த்த பள்ளிக்கூடம் அது. இன்றைக்குப் பல இலட்சம் செலவழித்து நடக்கிற பயிற்சிப் பட்டறைகளில் எங்களுக்கு இல்லாமல் போறது அதுதான்.

1983இல் இருவரும் கைது செய்யப்பட்டார்கள். யூலை 27 அன்று வெலிக்கடைச் சிறையில் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். உயிர் தப்பிய டேவிட், செப்டெம்பரில் மட்டக்களப்புச் சிறை உடைந்தபோது வெளியேறித் தமிழ்நாடு போனார். 2015இல் திரும்பி வந்து, அந்த வருசமே கிளிநொச்சியில் காலமானார்.

அந்த வெட்டு ஓமந்தையில் இன்னும் ஆழம். 1997 மேயில் 'ஜெயசிக்குறு' நடவடிக்கை தொடங்கியபோது ஏ9 பாதையில் முதலில் சண்டைக்களமான ஊர்களில் ஓமந்தையும் ஒன்று. 1999 கடைசியில் முன்னரங்கு திரும்ப இங்கேயே வந்து நின்றது. 2002இல் பாதை திறந்தபிறகு வெளி உலகத்துக்கு ஓமந்தை என்றால் சோதனைச்சாவடி. குளம், காடு, பாலைப்பழம் ஒன்றும் இல்லை, வரிசையும் பையைத் திறந்து காட்டுறதும்தான். "ரோட்டை விட்டு இறங்காத, மிதிவெடி" என்று கேட்டு வளர்ந்த பிள்ளைக்குக் காடு பாடப்புத்தகத்தில்தான் இருந்தது. கொழும்பில் இளம் விலங்கியலாளர் சங்கம் 1972இலிருந்து மாணவர்களைக் காட்டுக்குக் கூட்டிப்போய்க்கொண்டிருந்தது. இங்கே பனைகளும் மரங்களும் பதுங்குகுழிக்குப் போய்க்கொண்டிருந்தன.

போருக்குப் பிறகு வேறொரு சிக்கல். எங்கட ஊர்களில் 'பாதுகாப்பு' என்ற சொல்லையே சனம் நம்பாது. இடம்பெயர்ந்து திரும்பி வந்தவை தங்கட வயலுக்குப் பக்கத்தில, சில இடத்தில வயலுக்குள்ளேயே, வன எல்லைக்கல் நட்டிருக்கக் கண்டவை. காப்பியும் பேனையுமாக ஒரு மாணவர் குழு போனால், "காணி அளக்க வந்தனீங்களோ?" என்றுதான் முதல் கேள்வி வரும். அது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லத் தெரியாத சூழல் படிப்பு வன்னியில் எடுபடாது.

அதால ஊர்க்காரரிடமிருந்தே தொடங்கலாம். ஊர்ப்பெயர்களைப் பாருங்கள்: நொச்சிமோட்டை, புளியங்குளம், பன்றிக்கெய்தகுளம். மரமும் மிருகமும் நீர்நிலையும் ஒரே சொல்லில் பதிவாகியிருக்கு. நொச்சி இப்பவும் நிற்குதா என்று பார்த்தாலே ஒரு ஆய்வு. சேமமடுப் பக்கம் தொடங்குற கனகராயன் ஆறு வடக்கே ஓடி, இரணைமடுவை நிரப்பி, சுண்டிக்குளம் களப்பில் முடியுது. 1938இல் சரணாலயமாகி 2015இல் தேசியப் பூங்காவான சுண்டிக்குளத்தின்ர பறவைகளுக்கும் எங்கட ஓமந்தைத் தண்ணிக்கும் உறவு இருக்கு என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

வழிகள் இல்லாமல் இல்லை. பள்ளிக்கூடங்களில் மத்திய சுற்றாடல் அதிகார சபையின் சுற்றாடல் முன்னோடிப் படையணி இருக்கு, ஆனால் பல இடங்களில் பதக்கத்துக்குக் கோப்பு நிரப்புறதோட முடிஞ்சிடுது. பம்பைமடுவில் வவுனியாப் பல்கலைக்கழகம் இருக்கு, 2021 வரை யாழ் பல்கலைக்கழக வளாகமாக இருந்தது. அங்கே சுற்றாடல் விஞ்ஞானம் படிக்கலாம். சென்னையில் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு வலையமைப்பினர் 1988இலிருந்து வருசா வருசம் முட்டையிடுற காலத்தில் இரவிரவாகக் கடற்கரையில் நடக்கிறார்கள். பெரிய காசு இல்லை, கட்டடம் இல்லை. அதே கரை, அதே மாதங்கள், எண்ணி எழுதுற கொப்பி. முப்பது வருசத்துக்கு மேல எழுதினால் அந்தக் கொப்பியே ஒரு வரலாறு.

எங்களுக்கும் ஒரு குளம் போதும். கட்டில ஒரு கிழவர் அல்லது கிழவி, வத்தின தரையில ஒரு அளவு நாடா, ஒவ்வொரு ஓகஸ்டும் அதே இடத்தில ஒரு படம். பன்றிக்கெய்தகுளத்துப் பக்கத்திலிருந்து தொடங்கலாமா என்று கதைச்சுக்கொண்டிருக்கிறம். இப்போதைக்குப் பிரச்சினை ஒன்றுதான்: லீவில் ஒரு கிழமையாவது ரியூசனை நிப்பாட்டச் சொல்லி யார் போய்க் கேக்கிறது?