வாயைத் திறக்கும் மகர்



கோயில் கடற்கரையில் காற்று வாங்கும்போது இந்தக் கப்பலையும் நினைத்துக்கொள்ளுங்கள். ஐ.என்.எஸ். மகர், 1987 ஜூலை 18-இல் கடற்படையில் சேர்ந்தது. முன்பக்கக் கதவைத் திறந்து டாங்கிகளைக் கரையில் இறக்கி வந்தது. மகர் என்றால் முதலை, பெயர் பொருத்தம்தான்! கரையைத் தாக்க 122 மி.மீ. ராக்கெட் ஏவிகளும் இருந்தன. இலங்கையில் அமைதிப்படைக்குத் துணை நின்றது. அதைப் பற்றி நம் வீடுகளிலேயே இன்னும் வாக்குவாதம் தீரவில்லை. ஆனால் 2004 சுனாமியில் 1300-க்கும் மேற்பட்டோரை மீட்டதும் இதே கப்பல்தான். 2020 மே மாதம், கொரோனாவால் மாலத்தீவில் சிக்கிய 202 பேரைக் கொச்சிக்குக் கொண்டுவந்தது. அடுத்த மாதம் ஜலஷ்வா கப்பல் கொழும்பிலிருந்தும் மாலேயிலிருந்தும் நம்மவர்களை ஏற்றிக்கொண்டு பக்கத்துத் தூத்துக்குடிக்கே வந்தது, ஞாபகம் இருக்கிறதா? மகர் 2023 மே 6 அன்று கொச்சியில் ஓய்வுபெற்றது.