கழுவாத கையே தீட்டு

தீட்டு பிறப்போடு வருவதென்று நெடுங்காலம் நமக்குச் சொல்லப்பட்டது. வரலாறு கூறுவதோ வேறு.

ஆஸ்திரிய நாட்டு வியன்னா நகரப் பொது மருத்துவமனையில் பிரசவப் பிரிவுகள் இரண்டு இருந்தன. மருத்துவச்சிகள் பணியாற்றிய பிரிவைவிட, மருத்துவரும் மாணவரும் பணியாற்றிய பிரிவிலேயே தாய்மார்கள் காய்ச்சல் கண்டு மிகுதியாக மாண்டனர். பிணங்களை அறுத்து ஆராய்ந்தவர்கள் கைகளைச் செவ்வையாகக் கழுவாமல் பிரசவம் பார்த்ததே காரணமென 1847-இல் டாக்டர் செம்மல்வைஸ் கண்டார். குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் அவர்களைக் கைகழுவச் செய்தார். ஏப்ரலில் நூற்றுக்கு 18 ஆக இருந்த சாவு, ஜூனில் 2 ஆகக் குறைந்தது.

கற்றோர் கையில் அழுக்கா எனப் பலர் சினந்தனர். 1865-இல் அவர் மனநோய் விடுதியில் மறைந்தார். அவர் கண்ட உண்மை நிலைத்தது.

நோய் குலம் பார்ப்பதில்லை. இளைஞர்களே, உண்ணுமுன்னும் மலங்கழித்த பின்னும் சோப்பிட்டுக் கைகழுவுவோம். நம் பிள்ளைகளையும் பழக்குவோம்.